பதினேழாம் நம்பர் தட்டு

சாப்பிட்ட தட்டுகள் கழுவுமிடத்துக்கு வந்து சேர்ந்ததும் அஞ்சம்மாள் குழாயைத் திறக்க மாட்டார். முதலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் புரட்டிப் பார்ப்பார். “ஒம்போது… வழிச்சுத் தின்னுருக்கு, நல்லாருக்கும். இருவத்திரெண்டு… கொழம்ப ஒதுக்கிருக்கு, காரம் ஆவல போல. பதினாலு…” பதினாலாம் நம்பர் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருக்கும். அதை மற்றவற்றோடு சேர்க்காமல் சுவரோரமாகச் சாய்த்து வைப்பார். அடுத்த வேளையும் அதே தட்டு அதே மாதிரி வந்தால், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த ஆளைப் பார்க்க எழுந்து போய்விடுவார். கழுவுகிற வேலை அப்புறம்தான்.

கடலூரில் செம்மண்டலத்தைத் தாண்டிப் பழைய முந்திரிக் கிடங்கு ஒன்றைத் தியானக் கூடமாக மாற்றியிருந்தார்கள். மாதம் ஒரு முறை அங்கே பத்து நாள் மௌன முகாம். போனதும் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு நம்பரைக் கொடுப்பார்கள். பாய், டம்ளர், தட்டு எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் அந்த நம்பர். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, பக்கத்தில் இருப்பவரை நிமிர்ந்து பார்க்கவும் கூடாது. பத்து நாளைக்கு அங்கே ஒருவருக்கும் பெயர் கிடையாது. 2006இலிருந்து அந்த முகாமுக்குச் சமையல் அஞ்சம்மாள்தான். நான் 2009 மே மாதம் அங்கே போனேன். என் நம்பர் பதினேழு.

மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் அவருக்கு நான் பதினேழுதான். முகாம் நடக்கும்போது அவர் கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம்கூடக் கேட்காது. வெளியே பார்த்தால் மீன் ஏலம் போடுகிற குரல். போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் அந்த முனையிலிருந்து “பதினேழு சார்! பதினேழு சார்! நில்லு!” என்று கூப்பிட்டார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர், “பதினேழு இங்க வராதும்மா, வெளிய போயி நில்லு” என்று அவருக்கு வழி சொன்னார். ராஜமாணிக்கம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அஞ்சம்மாளுக்கு நன்றாகவே தெரியும். வாயில் வருவதில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கேட்டால், “எவன் எழுதி வச்சான்?” என்பார். ஒல்லியான உடம்பு, அகலமான பாதம், தூக்கிச் செருகிய சேலை. முகாமுக்கு வெளியே பார்க்கிற யாரிடமும் “தியானம் எப்படிப் போகுது?” என்று கேட்க மாட்டார். அவர் கேட்பது மூன்றே கேள்வி: “சாப்ட்டியா? தூங்குனியா? வெளிக்குப் போனியா?” மூன்றுக்கும் ஆமாம் என்று சொன்னவர் என்ன தவம் செய்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

இன்னொரு பழக்கம். கோயிலில்கூடக் கண்ணை மூட மாட்டார். ஒரு தடவை என் மனைவி தில்லையம்மாளும் அவரும் திருவதிகைக்குப் போனார்கள். தீபாராதனை நேரத்தில் சன்னிதியே கண்ணை மூடிக் கைகூப்பி நிற்க, இவர் மட்டும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம். “பஸ்ஸுல இடி வாங்கிக்கிட்டு சாமியப் பாக்க வந்துட்டு, கண்ண மூடிக்கிட்டா என்னாத்தப் பாக்கறது?” என்றாராம். இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. அது எங்களுக்கு முன்பே தெரிந்துபோனதால் தில்லையம்மாள் சிரிக்கவில்லை.

முகாமின் ஆசிரியர் தேவநாதன். ஓய்வு பெற்ற கணித விரிவுரையாளர், கோபமே வராத மனிதர். அவரிடம் போய் ரத்தக் கொதிப்பு இறங்கியவர்கள் உண்டு, குடியை விட்டவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே சிக்கல், எதைச் சொன்னாலும் “நல்லது” என்பார். சாப்பாடு இறங்கவில்லையா? நல்லது, உடம்பு லேசாகிறது. தூக்கம் வரவில்லையா? நல்லது, மனம் விழித்துக்கொண்டது. பயமாக இருக்கிறதா? நல்லது, பழைய அழுக்கு வெளியே வருகிறது. ஆக, சாப்பிடாமல் திரும்புகிற தட்டை ஆசிரியர் முன்னேற்றம் என்று பார்த்தார். கழுவுமிடத்தில் இருந்தவர் அதே தட்டை ஆபத்து என்று பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது. நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளர். துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு தடவை என் பெயர் விட்டுப்போயிற்று. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் ஜீப்பில் போகிறான், நான் பஸ்ஸில் போகிறேன். அந்த எரிச்சலை வீட்டில்தான் காட்டினேன், வேறு எங்கே காட்டுவது? தில்லையம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பத்து நாளு எங்கனா போயி வாய மூடிக்கிட்டு ஒக்காந்துட்டு வாங்க. ஒங்களுக்கும் நல்லது, வூட்டுக்கும் நல்லது” என்று அனுப்பி வைத்தாள்.

போன இடத்திலும் நான் பட்டியலை விடவில்லை. அறுபது பேரில் நான் எத்தனையாவது என்பதிலேயே இருந்தேன். மற்றவர்கள் முதுகு வலித்து நெளிந்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆறாம் நாள் தூக்கம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. தினமும் தனியாகப் பார்க்கிறபோது ஆசிரியரிடம் மட்டும் பேசலாம்; அவரிடம் சொன்னேன். “நல்லது” என்றார். ஏழாம் நாள் நெற்றிக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, பிரமாதமான வெளிச்சம் அது. அட ராஜமாணிக்கம், இந்தப் பட்டியலிலாவது உனக்கு முதல் இடம் கிடைத்துவிட்டதடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை மணி அடித்தபோது அது என் மண்டைக்குள் அடித்தது. மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன். என் கைகள்தான், ஆனால் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தன. என்ன ஏது என்று தெரியாத ஒரு பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோறு உள்ளே போகவில்லை. அன்றைக்கு ஆசிரியர் தனியாகப் பார்த்தபோது வெளிச்சத்தை மட்டும் சொன்னேன், பயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் மார்க் குறைந்துவிடும் என்று பட்டது. கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் இதை எழுதுகிறேன். வேறு யாராவது இப்படி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் பந்தியில், சாம்பார் வாளியோடு வந்த அஞ்சம்மாள் என் முன்னால் அப்படியே குந்தினார். காதோரம் குனிந்து, “பதினேழு, ரெண்டு வாயாவது சாப்டு சார். தலைய நிமுத்தி என்னப் பாரு. போதும், வூட்டுக்குப் போறேன்னு சொல்லிடு” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! எட்டு நாள் கட்டிக் காத்த மௌனத்தைச் சமையல்காரம்மா வந்து உடைப்பதா? முதல் இடத்தில் இருப்பவனை வீட்டுக்குப் போகச் சொல்வதா? எழுதுவதும் அங்கே தடைதான். ஆனால் புகார் இருந்தால் எழுதிக் கொடுக்க ஆசிரியர் மேசையில் ஒரு பேனா உண்டு. எடுத்தேன். “பெறுநர்: ஆசிரியர் அவர்கள். பொருள்: மௌன விதி மீறல் – சமையலர் மீது தக்க நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.” கைதான் என்னுடையதாக இல்லை, கையெழுத்து மணிமணியாக விழுந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸ் சும்மாவா?

மனுவுக்குப் பலன் இருந்தது. மிச்ச இரண்டு நாளும் அஞ்சம்மாள் பந்திக்கு வரக் கூடாது, பின்னால் பாத்திரம் கழுவுவதோடு சரி என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலையே கிடையாது என்றும் சொன்னாராம். நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். தில்லையம்மாள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம். அதே மூக்குத்தி, அதே பொட்டு, இடது புருவத்தில் அதே சின்னத் தழும்பு. எல்லாம் இருந்தது, அவள் மட்டும் இல்லை. யாரோ ஒரு பெண்பிள்ளை என் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டுச் சிரிக்கிறாள் என்று இருந்தது. உள்ளே போனால் வீடும் அப்படித்தான். தொட்டால் சுவர், ஆனால் என்னுடைய சுவர் இல்லை.

“என்னாங்க, என்னத் தெரியுதா இல்லியா?” என்று இரண்டாம் நாள் கேட்டாள்.

“தெரியுது.”

“நான் யாரு?”

பெயரைச் சொன்னேன், அவள் அப்பா பெயரைச் சொன்னேன், சிதம்பரம் மாலைகட்டித் தெருவில் அவள் பிறந்த வீட்டைச் சொன்னேன். எல்லாம் சரிதான். “ஆனா நீ மாதிரி இல்ல” என்றும் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். குக்கர் சத்தத்தில் அவள் அழுவது எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். கேட்டது. கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை, எழுந்து போகவும் தோன்றவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. இந்த முகம் திரும்பி வருமா, இல்லை மிச்ச நாளெல்லாம் இந்த யாரோ ஒருத்தியோடுதானா என்ற ஒரே நினைப்பு. அதற்கு நான் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? இன்னும் அதிகமாகத் தியானம். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். தூக்கம் ஒரு மணி நேரம், அதுவும் சில நாள் கிடையாது. லீவை நீட்டிக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் காலையில் ஒயர் கூடையோடு அஞ்சம்மாள் வாசலில் நின்றார். “பதினேழு வூடு இதானம்மா? துண்ட வுட்டுட்டு வந்துட்டாரு” என்றார் தில்லையம்மாளிடம். பதிவுப் படிவத்தில் இருந்து விலாசத்தை யாரையோ படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, மூன்று பேரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். துண்டைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, நேரே உள்ளே வந்து என்னைப் பார்த்தார். தில்லையம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். என் கையில் டம்ளர் தடதடத்துக் காபி வேட்டியில் கொட்டியது.

“மனு எழுதுன கையி, ஒரு டம்ளரு புடிக்க முடியல பாரு” என்றார் அஞ்சம்மாள்.

கேலிதான். ஆனால் குரலில் கசப்பு ஒரு பொட்டு இல்லை. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் பயம் இல்லாமல் வேறு ஏதோ ஒன்று எனக்குள் வந்தது, அது வெட்கம். வெட்கம் வந்ததில் எனக்கு அவ்வளவு ஆறுதல்.

“எத்தினி நாளா தூக்கம் இல்ல?” என்று தில்லையம்மாளிடம் கேட்டார். “இன்னமும் கண்ண மூடிக்கிட்டு குந்துறாரா?” என்றும் கேட்டார். ஆமாம் என்றதும் கூடையிலிருந்து இரண்டு கட்டு முருங்கைக்கீரையை எடுத்தார். “வா சார், வெளிய வா. இன்னியோட அது நிறுத்தம். இத உருவு.”

பின்கட்டில் தண்ணீர் தெளித்த சிமென்ட் தரையில் செருப்பில்லாமல் உட்கார வைத்தார். கீரையை உருவச் சொன்னார். கண் செருகினால், “ம்… காம்பு விழுது பாரு, பாத்து உருவு” என்பார். அலுவலகத்தில் ஒருவரும் என்னை இப்படி அதட்டியதில்லை. உருவி முடித்ததும் தூக்கு வாளியைத் திறந்தார். கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். இனிமேல் சைவம்தான் என்று முகாமில் சங்கற்பம் செய்திருந்தேன். சொன்னேன். “அதுலாம் நல்லா இருக்கற ஒடம்புக்கு சார். நீ மொதல்ல கீழ எறங்கு” என்றார். இரண்டு உருண்டை தின்றேன். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. தின்ற பிறகு கால் தரையில் இருப்பது தெரிந்தது. இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பயம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை, தில்லையம்மாள் முகமும் வரவில்லை. மூன்றாம் நாள் அஞ்சம்மாள், “நிறுத்தத்தான் எனக்குத் தெரியும் சார். தூங்க வைக்கறது என் கையில இல்ல. டாக்டர்ட்டப் போவணும்” என்றார்.

போக மாட்டேன் என்றேன். எந்த டாக்டர் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கடலூரில் அந்த வரிசையில் போய் நின்றால் அலுவலகத்தில் பாதிப் பேர் பார்ப்பார்கள், மீதிப் பேர் அவர்கள் சொல்லிக் கேட்பார்கள். சரி, சிதம்பரத்துக்குப் போகலாம் என்றாள் தில்லையம்மாள். அங்கே அவள் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். டோக்கன் போட்டு மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ராஜமாணிக்கம் பைத்தியம் என்று ஊர் பூரா தெரிந்துவிடும், பதவி உயர்வு அவ்வளவுதான். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன்.

அஞ்சம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “தோ, இதானா? டோக்கன என் பேருல போட்டுக்கறேன். என்னத்தானே கூப்புடுவாங்க. நீ பின்னால எழுந்து வா” என்றார்.

அப்படித்தான் போனோம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவின் வரிசையில் அவர் போய் நின்றார். கவுன்ட்டரில் பெயர் கேட்டபோது “அஞ்சம்மா, சோனங்குப்பம்” என்று அந்த ஏலக் குரலில் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணோரமாக, யாரோ ஒருவருக்குத் துணைக்கு வந்தவன்போல் கௌரவமாக நின்றேன்.

பெஞ்சில் காத்திருந்தபோது தில்லையம்மாள் கேட்டாள்: “ஏங்க்கா, ஒங்களக் கண்டா ஒரு மாதிரி நெனைக்க மாட்டாங்களா?”

“நான் வந்து போன எடந்தான் தில்ல” என்றார் அவர். அறைக் கதவைப் பார்த்தபடியே சொன்னார். “சுனாமிக்குப் பொறவு எங்கள கொட்டாயில வச்சிருந்தாங்கல்ல, அங்க யாரோ நாலு பேரு வந்தாங்க. நல்ல மனுசங்க. கண்ண மூடுங்க, மூச்சு அல மாதிரி வரும் போவும், அதையே பாருங்கன்னாங்க. அல மாதிரின்னு சொன்னா எங்களுக்கு எந்த அல வரும் சொல்லு?”

தில்லையம்மாள் நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

“எம் மூணாவது பொண்ணு போன அலதான் வந்துச்சு. ஏழு வயசு. பயமாருக்குன்னு சொன்னேன். வந்தா வரட்டும், பாத்துக்கிட்டே இருங்க, போயிடும்னாங்க. சொன்னாக் கேக்கணுமில்ல? பன்னெண்டு நாளு குந்திப் பாத்தேன். பதிமூணாம் நாளு பேச்சு நின்னுபோச்சு. வாயத் தொறந்தா தண்ணி உள்ள வந்துடும்னே இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு இங்கதான் தூக்கியாந்தாரு. பேச ரெண்டு மாசம் ஆச்சு.”

“அவுங்க மேல கோவமா இல்லியாக்கா?”

“என்னா கோவம்? ஊரு வுட்டு ஊரு வந்து, எங்க பக்கத்துல குந்திப் பேசுனாங்களே. அவுங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

பிறகு ஏன் போயும் போயும் தியானக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார் என்று நான் தூணோரத்திலிருந்து கேட்டேன். என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். “அத்தினி பேரும் கண்ண மூடிக்கிட்டா யாரு சார் பாத்துக்கறது?” என்றார்.

“அஞ்சம்மாள்!” என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து உள்ளே போனேன்.

டாக்டர் அறிவுமதி சின்ன வயது. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னதும் ஒரு திட்டுத் திட்டிவிட்டு என் பெயரிலேயே வேறு சீட்டு எழுதச் சொன்னார். பிறகு பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், ஆசிரியரிடம் மறைத்த பயத்தையும் சேர்த்து.

“தியானம் கெட்டதுன்னு நான் சொல்லல சார்” என்றார். “நெறைய பேருக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா சிலபேருக்கு ஒத்துக்காது. அதுவும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்னா ரொம்ப ஜாஸ்தி. தூக்கம் போறது, காரணமில்லாத பயம், நம்ம ஒடம்பே நம்மளது இல்லாத மாதிரி, தெரிஞ்சவங்களே யாரோ மாதிரி… இப்படி வர்ற மொத ஆளு நீங்க இல்ல. சரியாயிடும். தியானத்த நிறுத்துங்க, மாத்திரையத் தவறாம சாப்டுங்க. ஏன் சார், அங்க யாருமே உங்கள நிறுத்தச் சொல்லலியா?”

“ஒருத்தங்க சொன்னாங்க டாக்டர்” என்றேன். “அவுங்க மேல புகார் எழுதிக் குடுத்துட்டேன்.”

அங்கேயே ஒரு மாத்திரையைப் போடச் சொன்னார். போட்டுக்கொண்டேன்.

உடனே சரியாகிவிடவில்லை. ஜூன் கடைசியில் ஒரு காலை, நான் சமையல் கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன் என்று தில்லையம்மாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். “ஆபீசுல நாலு பேருக்கு ஆர்டர் போடத் தெரியுது, ஒரு போன் போடத் துப்பு இல்ல” என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு திட்டத் திட்ட, முகம் வந்துவிட்டது. அவளேதான். என் தில்லையம்மாள். நான் சிரித்தேன். “என்னா இளிப்பு வேண்டிக்கெடக்கு?” என்றாள். அப்புறம்தான் அவளுக்கும் புரிந்தது. கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அன்றைக்குக் கடையில் இட்லி வாங்கித் தின்றோம்.

அடுத்த வாரமே ஆசிரியருக்கு இன்னொரு மனு எழுதினேன். பொருள், முன் மனுவைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தேவநாதன் மனுவை இரண்டு தடவை படித்தார். “கழித்தல் குறி போட வேண்டிய இடத்துலலாம் கூட்டல் குறி போட்டுக்கிட்டே வந்துட்டேன் போலிருக்கு, ராஜமாணிக்கம்” என்றார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய் அஞ்சம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனிதர். இப்போது பதிவுப் படிவத்தில் தூக்கம் எப்படி, முன்பு மனநலச் சிகிச்சை எடுத்தது உண்டா, வீட்டில் சமீபத்தில் யாராவது தவறிப்போனார்களா என்றெல்லாம் கேள்வி இருக்கிறது. யாரையும் எந்த நேரத்திலும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போக அஞ்சம்மாளுக்கு அனுமதி உண்டு. இதுவரை நான்கு பேரை அப்படி எழுப்பியிருக்கிறார். 2011 கடைசியில் வந்த ‘தானே’ புயலில் கிடங்கின் கூரை போன பிறகு முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனால் கூடத்துக்குள் போவதில்லை, நேரே சமையல்கட்டுக்குப் போய்க் கீரை உருவுகிறேன். பதவி உயர்வு 2010இல் வந்தது. அதற்கும் தியானத்துக்கும் சம்பந்தமில்லை, எனக்கு மேலே இருந்த ஒருவர் ஓய்வு பெற்றார்.

அஞ்சம்மாளிடம் நன்றி சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. எடுத்துக் கொடுத்த புடவையை, “இது தில்லைக்கு எடுக்கும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வார்த்தையில் சொன்னால், “அடுப்புல பாலு” என்று எழுந்து போய்விடுவார். அதனாலும்தான் இதை எழுதுகிறேன். அவர் படிக்க மாட்டார், எழுந்தும் போக முடியாது.

அன்று சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றித் தில்லையம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணி பஸ். இடது பக்கம் இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவள், எனக்கு நேர் பின்னால் அஞ்சம்மாள். பி.முட்லூர் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேனாம். வாரக்கணக்கில் முதல் தடவையாக வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு தூங்கினேனாம். புதுச்சத்திரம் பக்கம் வெயில் நேரே என் முகத்தில் விழுந்தது. ஷட்டரை இழுத்தாள், துருப்பிடித்து மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. நான் லேசாக முனகிப் புரண்டேன். தில்லையம்மாளுக்கு உயிரே போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, சேலை முந்தானையை என் முகத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் விரித்துப் பிடித்ததாம். ஆலப்பாக்கம் போயிற்று. வெயில் போன பக்கமெல்லாம் கையும் போயிற்று. கடலூர் முதுநகரில், கண்டக்டர்கள் ஓ.டி. என்கிற இடத்தில், பஸ் நின்றது. சோனங்குப்பத்துக்கு அங்கேதான் இறங்க வேண்டும். “ஓ.டி., ஓ.டி. எறங்கு” என்று கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்தார். அஞ்சம்மாள் அவரைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு முந்தானையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.